கல்லில் துளை போட்டவனின் மூச்சு

டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகிவிட்டு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். கல்லுடைக்கிற இடத்தில் பாறைக்குத் துளை போடுகிறேன் என்றேன். எவ்வளவு காலமாக என்றார். சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, விதைத்த இரண்டு போகமும் சரிவராமல் போன பிறகு தொடங்கியது என்று சொன்னேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் படத்துக்கு இன்னும் கிட்டப் போய் நின்று பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என் மனைவி யோகா பின்னால் நின்று என் சேட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

அதுவரைக்கும் எனக்குச் சயரோகம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இருமல் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. முதலில் விடிய எழும்பும்போது மட்டும் இருமினேன். பிறகு சைக்கிள் மிதிக்க முடியாமல் போனது. அதன்பின் கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் அள்ளினால் வாளியை வைத்துவிட்டுக் குந்தியிருக்க வேண்டியிருந்தது. உடம்பு வற்றி, காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. சளியைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். கிருமி இல்லை என்றே ஒவ்வொரு முறையும் வந்தது. ஆனாலும் ஊரில் கதை பரவிவிட்டது. தேத்தண்ணி தருகிறவர்கள் கடதாசிக் குவளையில் தந்தார்கள். வீட்டில் எனக்கென்று கோப்பையையும் பீங்கானையும் நானே ஒதுக்கி வைத்தேன். யோகா அவற்றை எடுத்து மற்றக் கோப்பைகளோடு சேர்த்துக் கழுவி அடுக்கிவிட்டு, நான் குடித்து மிச்சம் வைத்த பிளேன்ரீயை என் முன்னாலேயே குடித்தாள்.

எங்கள் ஊர் பூவரசங்குளத்திலிருந்து உள்ளே போகிற கிரவல் ரோட்டின் முடிவில் இருக்கிறது. வீடுகளுக்குப் பின்னால் காடு. காட்டின் முகப்பில் ஒரு பாறைமலை. மலைக்குக் கீழே குளம், குளத்துக்குக் கீழே வயல். சண்டை முடிந்த பிறகு எல்லா இடமும் ரோட்டுப் போட்டார்கள், வீடு கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் கல் வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்த வீட்டுத்திட்ட வீட்டின் அத்திவாரமும் அந்த மலையின் கல்தான். மலையை உடைக்க வந்தவர்கள் ஊரில் ஆள் எடுத்தபோது பலரும் போனோம். நான் துளை மெசின் பிடித்தேன். காற்றழுத்தத்தில் ஓடும் இரும்புக்கோல் பாறைக்குள் இறங்க, வெள்ளைப் புகைபோல மாவு மேலே கிளம்பி வரும். துவாயை மூக்கில் கட்டிக்கொள்வேன். மாலையில் அந்தத் துவாயை உதறினால் கோதுமை மா கொட்டுவது மாதிரி இருக்கும். துளைகளுக்குள் மருந்து வைத்து மத்தியானம் வெடிப்பார்கள். உடைந்த கல்லைக் கிறசர் என்கிற மெசினில் போட்டுச் சல்லியாக அரைப்பார்கள். ரிப்பர் வண்டிகள் அதை ஏற்றிக்கொண்டு ஊர் ரோட்டால் போகும்.

காடு எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே தூசி படிந்து வெளிறியது. பாலை மரமும் வீரை மரமும் மழை பெய்கிற மாதங்களில் மட்டுமே பச்சையாக நின்றன. முருங்கையிலையை மூன்று தண்ணீரில் அலசித்தான் யோகா சமைப்பாள். வெடிச் சத்தத்துக்கு யானைகள் உட்காட்டை விட்டு மறுபக்கத்தால் இறங்கி வாழைத் தோட்டங்களுக்குள் வந்தன. பல வீட்டுச் சுவர்களில் வெடிப்புக் கண்டது. கிணறுகளில் தண்ணீர் கீழே போயிற்று. இதெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தபடியால் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டோம். மழை குறைவு என்றோம், கொத்தன் வேலை சரியில்லை என்றோம்.

டொக்டர் எக்ஸ்ரே பார்த்த அன்றைக்கே என்னை வாட்டில் சேர்த்தார். ஆண்கள் வாட்டில் பெண்கள் இரவு தங்க முடியாது. யோகா ஆஸ்பத்திரிக்கு அருகில் இருந்த ஒன்றுவிட்ட தங்கச்சி வீட்டில் தங்கி, பார்வையாளர் நேரத்துக்கு முதலே வந்து கேற்றடியில் நிற்பாள். இடியப்பமும் சொதியும் கொண்டுவருவாள். என்னால் ஒரேயடியாகச் சாப்பிட முடியாது. நாலு வாய் சாப்பிட்டால் மூச்சு வாங்கும். அவள் பொறுமையாக இருப்பாள். எனக்கு மூச்சு இளைத்து முடிய அடுத்த வாய்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஹனீபா நானா இருந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். செட்டிகுளம் பக்கத்து விவசாயி. இடப்பெயர்வில் புத்தளம் போய்ப் பல வருடம் இருந்து திரும்பி வந்தவர். நெஞ்சில் நீர் கோத்து, முதுகுப்பக்கம் ஊசி போட்டு எடுத்திருந்தார்கள். முதல் நாளே என்னுடன் கதைக்கத் தொடங்கிவிட்டார். தன் வயலுக்கு வருகிற ஓடை எங்கள் குளத்திலிருந்து வழிந்து வருவது என்பது கதையோடு கதையாகத் தெரியவந்தது. மழை விழுந்தால் அந்த ஓடையில் பால் மாதிரித் தண்ணீர் வருகிறதாம். வயலில் அது காய்ந்தால் சிமெந்துத் தரைபோல இறுகிவிடுமாம். நெல் முளை அதைக் கிழித்து வெளியே வராதாம். மண்ணை வெட்டி அகற்றிப் பார்த்தாராம். அடுத்த மழையோடு மறுபடி வந்து மூடிவிட்டதாம். முறைப்பாடு கொடுக்க ஏறி இறங்கிய இடங்களையெல்லாம் சொன்னார். பிறகு நான் என்ன வேலை என்று கேட்டார்.

சொன்னேன். நானா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். பின்னேரம் அவருடைய மகள் கொண்டுவந்த போத்தலில் இருந்த இஞ்சித் தேத்தண்ணியை இரண்டு கப்பில் ஊற்றி, ஒன்றை என் மேசையில் வைத்தார்.

"நீங்களும் வயித்துக்குத்தானே செஞ்சீங்க தம்பி," என்றார். "குடிங்க. சளி இளகும்."

வழக்கமான எக்ஸ்ரே போதாது என்று என்னை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அம்புலன்ஸில் ஒட்சிசன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு போனேன். அங்கே காத்திருக்கிற இடத்தில் நீளமான வாங்குகள். ஒருவரையொருவர் பார்க்காமல் எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு பெரிய வளையத்துக்குள் படுக்கவைத்து நெஞ்சைப் பல அடுக்காகப் படம் எடுத்தார்கள். அது நோகாது; மூச்சைப் பிடி என்றபோது பிடிக்க முடியாததுதான் கஷ்டம். அடுத்தது மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் சுவாசப்பைக்குள் விட்டுப் பார்க்கிற பரிசோதனை. குழாயின் நுனியில் கமரா இருக்கும். அதன் வழியாகக் கொஞ்சம் தண்ணீரை விட்டு, கழுவி எடுத்துச் சோதிப்பார்கள். தொண்டையை மரக்கப்பண்ண மருந்து அடித்தார்கள். தொண்டை இருக்கிறதா என்றே தெரியவில்லை. குழாய் உள்ளே இறங்கியபோது தண்ணீருக்குள் யாரோ என் தலையைப் பிடித்து அமுக்குகிற மாதிரி இருந்தது. என் தலைமாட்டில் நின்ற தாதி என் நெற்றியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, முடியுது ஐயா, முடியுது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு நினைவில்லை. கையின் குளிர்ச்சி நினைவிருக்கிறது.

என்னைப் பழைய வாட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். முடிவு வர நாளெடுத்தது. காத்திருந்த அந்த நாட்களில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. புற்றுநோயாக இருக்கும் என்று நானே தீர்மானித்து, மகள் தர்சினியின் குழந்தை என்னை ஞாபகம் வைத்திருக்கிற வயதில் இல்லையே என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். யோகாவும் அதையே நினைத்திருக்கிறாள். ஆனால் வீட்டு மாட்டைப் பற்றியும் கூரையில் மாற்றவேண்டிய ஓடுகளைப் பற்றியும் கதைத்தோம்.

கடைசியில் டொக்டர் என் கட்டிலில் வந்து இருந்து, யோகாவையும் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கச் சொன்னார். வந்திருப்பதற்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர் என்றார். கருங்கல்லுக்குள் சிலிக்கா என்கிற பொருள் இருக்கிறது. கல்லைத் துளைக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி மூச்சோடு உள்ளே போகிறது. துவாய் அதை மறிக்காது. சுவாசப்பை அதைக் கரைக்கவும் முடியாமல் வெளியே தள்ளவும் முடியாமல், ஒவ்வொரு துணிக்கையைச் சுற்றியும் தழும்பு கட்டிவிடுகிறது. தழும்பு கூடக் கூட, விரிந்து சுருங்கவேண்டிய சுவாசப்பை தோல்போல இறுகிப்போகிறது. படத்தில் காற்றுள்ள இடம் கறுப்பாகத் தெரியவேண்டும். என்னுடையதில் மேற்பாதி முழுக்க வெள்ளைப் புள்ளிகள்.

சுகமாகுமா என்று யோகா கேட்டாள்.

"இது தொத்துற வருத்தம் இல்லை அம்மா. ஆனா மாறாது," என்றார் டொக்டர். "இனித் தூசிக்குள்ளை போகாட்டில் மெல்ல மெல்லத்தான் கூடும். போனா கெதியாக் கூடும். சயரோகமும் லேசா வந்து ஒட்டும், அதைப் பாத்துக்கொள்ளவேணும்."

சாகப்போகிறேன் என்று சொல்லவில்லை, சுகமாகும் என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருப்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. யோகா எழுந்து போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கல்லுடைக்கிற இடத்து மேற்பார்வையாளர் ஒரு பை நிறையப் பழங்களோடு பார்க்க வந்தார். நல்ல மாதிரித்தான் கதைத்தார். சயரோகம் என்றால் மருந்து குடித்தால் சரியாகிவிடும், வந்து காவல் வேலையில் நிற்கலாம் என்றார். சயரோகம் இல்லை என்று நான் சொன்னேன். ஊருக்கு அப்படிச் சொன்னால் போதும்தானே, வேலை செய்கிற மற்றவர்களைப் பயப்படுத்துவானேன் என்றார். ஹனீபா நானா புத்தகத்தைப் பார்ப்பதுபோல இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் போன பிறகு பழங்களை வாட்டு முழுக்கப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் ரஜீவன் வந்தான். தர்சினியின் கணவன். அமைதியான பிள்ளை, அதே இடத்தில் ரிப்பர் ஓட்டுகிறவன். குளித்து, தலைவாரி, நல்ல சேட் போட்டுக்கொண்டு வந்திருந்தான். குனிந்து என் தலையணையைச் சரி செய்தபோது அவனுடைய கண்ணிமை மயிர்களின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு கண்டேன். ரிப்பர் ஓட்டுகிறவனுக்கு அங்கே தூசி தங்காது. மெசினுக்கு மேல் குனிந்து நிற்கிறவனுக்குத்தான் தங்கும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது.

"தம்பி, எப்ப தொடக்கம் மெசின் பிடிக்கிறியள்?" என்று கேட்டேன்.

அவன் நிமிரவில்லை. "போன கிழமை தொடக்கம், மாமா."

"தர்சினிக்குத் தெரியுமோ?"

"இல்லை. நீங்கள் வராட்டில் அந்த இடத்துக்கு வெளியாளை எடுப்பம் எண்டவை. ரிப்பரைவிட அது நல்ல வேலைதானே."

சொந்த மகன் என்றால் ஏசியிருப்பேன். மருமகனுக்கு அப்படிச் சொல்ல முடியாது. என்னிடம் அப்போது ஏசுவதற்கு மூச்சும் இல்லை. அவனுடைய கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்தேன். உள்ளே கரகரக்கிறது அவன் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிப் போய்விட்டான்.

அன்று மாலை டொக்டர் வாட்டுக்கு வந்தபோது நான் கேட்டேன், என்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரையும் படம் எடுக்க முடியாதா என்று. அவர்கள் சம்மதித்தால் எக்ஸ்ரே வண்டியை ஊருக்கே கொண்டுவர ஒழுங்கு செய்யலாம் என்றார். வற்புறுத்த முடியாது, வரவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவேண்டும் என்றும் சொன்னார்.

என்னை வீட்டுக்கு விட்ட பிறகு எக்ஸ்ரே வண்டி வருகிற நாள் வந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் வேம்புக்குக் கீழே நிறுத்தினார்கள். என்னை ஓட்டோவில் கொண்டுபோய் ஒரு கதிரையில் இருத்தினார்கள். காலையில் ஒருவரும் வரவில்லை. மலைப்பக்கம் கிறசர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வண்டியோடு வந்தவர்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெடி வைக்கிற மத்தியான இடைவேளையில் ரஜீவன் தன் மோட்டார் சைக்கிளில் வந்தான். யோகா போய்க் கூப்பிட்டிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் இன்னும் சில பேர் வந்தார்கள். சல்லி அள்ளுகிற பெண்களும் தலையில் கட்டிய துணியோடு வந்தார்கள். ஒருவர் எடுத்த பிறகு மற்றவருக்குத் தயக்கம் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகள் மதிலில் ஏறி நின்று பார்த்தார்கள்.

ரஜீவனின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அது எனக்குச் சந்தோஷம். ஆனால் அவன் அந்த முடிவைத் தர்சினியிடம் காட்டி, தனக்கு ஒன்றும் இல்லை, மாமாவின் உடம்பு வேறு என்று சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி மெசினுக்குப் போனான். நான் கேட்டு வாங்கிய பரிசோதனையே அவனைத் திரும்ப அங்கே அனுப்பிவிட்டது.

அவனைத் திருப்பியது நிரோஜனின் படம். நிரோஜன் ரஜீவனோடு ஒன்றாகப் படித்தவன், ஒன்றாகப் பந்து விளையாடியவன். கிறசரின் வாயடியில் நின்று கல் தள்ளுகிற வேலை. இருமல்கூட இல்லை. அவனைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் தொடங்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் அங்கிருந்து நேரே ரஜீவனிடம் வந்து, படத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் குளக்கட்டில் போய் இருந்திருக்கிறான். ரஜீவன் அவனுக்குப் பக்கத்தில் இருட்டும் வரைக்கும் இருந்திருக்கிறான். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்காக என்னிடம் நன்றியும் சொல்லவில்லை. உண்மையில் என்னுடன் முகம் கொடுத்துக் கதைக்கவே இல்லை. கையில் பிள்ளையோடு வேலையை விட்ட ஒருவனுக்கு, அதற்குக் காரணமானவர் மேல் கோபம் வருவது இயல்புதான்.

இதற்கிடையில் காட்டுக்குள் இருக்கிற அடுத்த பாறையையும் உடைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதைச் சுற்றித்தான் பாலை மரங்கள் அடர்த்தி. வைகாசி, ஆனியில் பழத்துக்குக் கரடி வருகிற இடம். மழைத் தண்ணீர் எங்கள் குளத்துக்கு இறங்குவதும் அந்தப் பக்கத்தால்தான். ஊராருடைய கருத்தைக் கேட்க அதிகாரிகள் பொதுநோக்கு மண்டபத்துக்கு வந்தார்கள். முன்பெல்லாம் இப்படியான கூட்டத்துக்கு வயல்காரர் மட்டும் வருவார்கள். மலையில் வேலை செய்கிறவர்களின் வீடுகளிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். ஹனீபா நானா மகளைப் பிடித்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். நிரோஜனின் தாய் வாசற்படியில் இருந்தார்.

என்னைக் கதைக்கச் சொன்னார்கள். எழுந்தேன். என்னுடைய பெயரையும், நான் அந்த மலையில் துளை போட்டவன் என்பதையும் சொன்னேன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டபம் முழுக்க என் மூச்சுச் சத்தம் கேட்டது. வெட்கத்தில் திரும்பக் கதிரையில் இருக்கப்போனேன். பின்வரிசையிலிருந்து ரஜீவன் எழும்பினான்.

"அவர் என்ரை மாமா," என்றான். "அவருக்குக் கதைக்க ஏலாது. அந்தப் பாறையையும் உடைச்சா, எங்களுக்கும் ஏலாமல் போகும்."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு இருந்துவிட்டான். அதற்குப் பிறகு நிரோஜனின் தாய் கதைத்தார், நானா ஓடையைப் பற்றிச் சொன்னார், சல்லி அள்ளுகிற பெண்கள் சொன்னார்கள். வந்திருந்த அதிகாரிகள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

காட்டுப் பாறைக்கு அனுமதி கிடைக்கவில்லை. இப்போதைக்கு இல்லை என்றுதான் பதில் வந்தது. எப்போதைக்கும் இல்லை என்று வரவில்லை. பழைய மலையில் வேலை நடக்கிறது. துளை போடும்போது தண்ணீர் விடுகிறார்கள், கிறசருக்கு மேலே தண்ணீர் தெளிக்கிறார்கள். அதிகாரி வருகிற நாளில் அது நன்றாக நடக்கிறது. மற்ற நாட்களில் எப்படி என்று நான் சொல்லமாட்டேன். நிரோஜன் பட்டணத்தில் ஒரு கடையில் நிற்கிறான். ஹனீபா நானா தன் வயலில் மேல் மண்ணை வழித்து எடுத்துவிட்டு இந்தப் பெரும்போகத்துக்கு ஒரு மூலையில் மட்டும் விதைத்திருக்கிறார். அவருக்கு நெஞ்சில் நீர் மறுபடி கோத்தது. இப்போது வீட்டில் படுக்கையில் இருக்கிறார்.

என்னுடைய நிலை டொக்டர் சொன்ன அந்த நடு இடம்தான். மாதாமாதம் கிளினிக் போகிறேன். ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இருந்துகொண்டு செய்கிற வேலை எல்லாம் செய்வேன். யோகா ஒரு மூடை நெல்லைத் தூக்கும்போது நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை. இப்படி ஒரு வருத்தம் இருக்கிறது என்று தெரியாமல் மெசின் பிடிக்கிறவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். அவர்களுடைய வீட்டில் யாராவது வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். தனிக் கோப்பை வைக்காதீர்கள். சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் அதோடு விட்டுவிடாமல், அவர் என்ன வேலை செய்கிறார் என்பதை டொக்டருக்கு நீங்களாகவே சொல்லுங்கள்.

ரஜீவன் இப்போது வெட்டுக் காலத்தில் அறுவடை மெசின் ஓட்டுகிறான். மற்றக் காலத்தில் கிடைத்த வேலைக்குப் போகிறான். எனக்கும் அவனுக்கும் இடையில் கதை குறைவுதான். போன கிழமை ஒரு மத்தியானம் நான் முன் அறையில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். அவன் வந்து குசினிக்குள் யோகாவிடம் கதைத்தான். மலையிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். மேற்பார்வை வேலை தருவதாகச் சொன்னார்களாம். வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டானாம்.

"மாமாவுக்குச் சொல்லாதேங்கோ மாமி," என்றான். "தன்னாலைதான் எண்டு நினைச்சுக் கவலைப்படுவார்."

யோகா சரி என்றாள். அவனுக்குச் சோறு போடுகிற சத்தம் கேட்டது. எனக்கு நெஞ்சுக்குள் இருமல் முட்டிக்கொண்டு வந்தது. நான் விழித்திருப்பது அவனுக்குத் தெரியக்கூடாது என்று, அவன் சாப்பிட்டுக் கைகழுவி, மோட்டார் சைக்கிள் படலையைக் கடந்து போகிற வரைக்கும் அதை அடக்கிக்கொண்டு கிடந்தேன்.